கடலுக்கும் இரண்டு போகம் உண்டு



நெல் விதைத்த குடும்பத்தவருக்குக் காலபோகம், சிறுபோகம் என்ற சொற்களை விளக்கத் தேவையில்லை. ஆவணி, புரட்டாதியில் உழுது விதைத்து, கார்த்திகை மழையில் பயிர் வளர்ந்து, தை, மாசியில் அறுவடை செய்வது காலபோகம். குளத்து நீரை நம்பிச் சித்திரையில் விதைத்து ஆடி, ஆவணியில் அறுப்பது சிறுபோகம். காலம் தவறி விதைத்தவனுக்கு நிலம் விளைவதில்லை. இதை எமது விவசாயிகள் புத்தகத்தில் படிக்கவில்லை. தகப்பனுக்குப் பின்னால் வரப்பில் நடந்து கற்றுக்கொண்டார்கள்.

கடலுக்கும் இவ்வாறே இரண்டு போகம் உண்டு. கடற்கரையில் பிறந்தவர்கள் அதைச் சிறு வயதிலேயே அறிவார்கள். ஆனால் யுத்தத்தால் நிலத்தை இழந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் கடலோரத்தில் குடியேறிய விவசாயக் குடும்பங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு தகப்பன் இல்லை. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரும் எல்லோருக்கும் தமது காணி திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களிலும் பலருக்குக் கிணறு தூர்ந்து, குளம் உடைந்து, கடன் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே பிள்ளைகள் கூலிக்குக் கடலுக்குப் போகிறார்கள். சிலர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடுகிறார்கள். வெளிநாட்டார் இதே சிலிண்டருடன் பணம் கொடுத்துப் பொழுதுபோக்காகக் கடலடியைப் பார்க்கப் போகிறார்கள். இரு சாராரும் இறங்குவது ஒரே கடலில்தான். ஆனால் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து இறக்குகிறார்கள். மற்றவருக்கு முற்பணம் கொடுத்து இறக்குகிறார்கள். எமது பிள்ளைகளும் அந்த அறிவைப் பெறவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

இரண்டு காற்று, இரண்டு கடல்

எமது தீவு இந்து சமுத்திரத்தில் இரண்டு பருவக் காற்றுகளுக்கு நடுவே நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுவதைச் சோளகம் என்கிறோம். கிழக்கு மாகாணத்தார் அக்காலத்து வரண்ட மேல்காற்றைக் கச்சான் என்பர். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. இவற்றுக்கு இடையே மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் காற்று திசை மாறும் இடைக்காலங்கள் வருகின்றன.

சோளகம் வீசும்போது மன்னார் தொடக்கம் கொழும்பு, காலி வரையுள்ள மேற்குக் கரை காற்றுக்கு முகம் கொடுக்கிறது. அலை உயர்கிறது. ஆறுகள் மழைநீரையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதே வேளை கிழக்குக் கரை தீவின் மறைப்பில் இருக்கிறது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் கடல் தெளிந்து கிடக்கும். வாடை வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. கிழக்கே அலையும் வெள்ளமும், சில ஆண்டுகளில் சூறாவளியும் வரும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அக்காலத்தில் மேற்குக் கடல் படிப்படியாக அடங்குகிறது. மனிதன் பாதுகாப்பாக இறங்கக்கூடிய காலம் மேற்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை. கிழக்கே மே முதல் செப்டெம்பர் வரை. மேற்குக் கரை மீனவர் பலர் சோளக காலத்தில் கிழக்குக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது இக்காரணத்தாலேயே.

காற்றுடன் சேர்ந்து நீரும் இடம் மாறுகிறது. சோளக காலத்தில் கடல் நீரோட்டம் தீவின் தெற்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடி, உப்புக் கூடிய அரபிக் கடல் நீரை வங்காள விரிகுடாவுக்குள் கொண்டு செல்கிறது. வாடைக் காலத்தில் அது திரும்பி, பெரும் ஆறுகள் கலப்பதால் உப்புக் குறைந்த வங்காள விரிகுடா நீரை மேற்கே கொண்டுவருகிறது. கொந்தளிக்கும் கடல் அடியில் கிடக்கும் சத்துகளை மேலே கிளறிவிடுகிறது. அச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகள் பெருகி நீர் பச்சையாகக் கலங்குகிறது. அப்பாசியை உண்ணச் சிற்றுயிர்களும், அவற்றை உண்ண மீன்களும் சேருகின்றன. உழவன் உழுது எருவிட்டு மண்ணைப் புரட்டுவது போன்ற வேலையை இங்கே காற்று செய்கிறது. கலங்கிய கடல் வீணான கடல் என்று எண்ணவேண்டாம். அடுத்த தெளிவான காலத்தின் விளைச்சல் அதில்தான் தொடங்குகிறது.

கொழும்பின் கடலடியில்

வெள்ளவத்தையில் வாடகை அறைகளில் வாழும் எம்மவர் பலர் ரயில் பாதைக்கு அப்பால் தெரியும் கடலைத் தினமும் காண்கிறார்கள். ஜூன், ஜூலையில் அலை கற்களைத் தாண்டித் தண்டவாளத்தை நோக்கித் தெறிக்கிறது. வெள்ளவத்தைக் கால்வாயின் கறுத்த நீர் கரையோடு பரவுகிறது. வடக்கே கொட்டாஞ்சேனைக்கு அப்பால், மட்டக்குளிக்கும் மோதரைக்கும் அருகே களனி கங்கை மலைநாட்டின் மண்ணைச் செந்நிறமாகக் கடலில் கொட்டுகிறது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தின் மரபுக் கதையும் கடலரிப்புடன் தொடங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் கரையை அரித்த கடல் அடங்கவேண்டும் என்று மீனவர்கள் ஒரு குருவிடம் கேட்க, அவர் கரையில் சிலுவை நட்டு மன்றாடினார் என்பது அம்மரபு. கொழும்பின் வரலாற்றில் கடலின் சீற்றம் புதிதல்ல.

நவம்பருக்குப் பின் இதே கடல் மாறுகிறது. சேறு படிந்து, ஜனவரி முதல் மார்ச் வரையில் நீர் நன்கு தெளிகிறது. அப்போது கல்கிசை, நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்து சுழியோடிகள் படகில் புறப்படுகிறார்கள். அவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் மூழ்கிய கப்பல்களை. முதலாம் உலகப் போரில், 1917 பெப்ரவரியில், ஜேர்மன் கப்பலான வூல்ஃப் கொழும்புக்கு வெளியே இட்ட கண்ணிவெடிகளில் சிக்கி வூஸ்டர்ஷயர், பேர்சியஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின. நங்கூரமிட்டுக் கிடந்த தேர்மோப்பிலே சியரா என்ற சரக்குக் கப்பல் 2012 ஓகஸ்டில், சோளகம் வீசும் காலத்தில், பாணந்துறைக்கு அப்பால் மூழ்கியது.

மணல் தரையில் இரும்புக் கப்பல் ஒன்று விழுந்தால் முதலில் பாசி பிடிக்கிறது. பின்னர் சிப்பியும் கடற்பஞ்சும் மென்மையான முருகைகளும் ஒட்டுகின்றன. அவற்றைத் தின்னவும் அவற்றுக்குள் ஒளியவும் சிறு மீன்கள் வருகின்றன. சில ஆண்டுகளில் களவாய், விளைமீன், பாரை, சீலா எல்லாம் அங்கே கூடுகின்றன. மணலில் திருக்கைகள் படுத்திருக்கும். ஒதுங்க இடமற்ற உயிர்களுக்கு ஒரு கூரை கிடைத்தால் போதும், அங்கே ஊர் உண்டாகிவிடுகிறது. இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இது விளங்காத விடயமல்ல.

கிழக்கின் தெளிந்த காலம்

மே மாதம் மேற்குக் கடல் மூடும்போது கிழக்கு திறக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. அதைச் சுற்றிக் கரையோரத்திலேயே முருகைக்கற்கள் உள்ளன. செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும், அழுங்காமையும், முருகைக்கல்லைக் கடித்து உண்ணும் கிளிமீன்களும் அங்கே வாழ்கின்றன. முருகை கல்லைப் போலத் தெரிந்தாலும் அது உயிருள்ள சிறு பிராணிகளின் கூட்டம். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்ந்து, வெயிலில் உணவு தயாரித்து அவற்றுக்கும் கொடுக்கின்றன. நீரின் வெப்பம் வழமையை விட ஒரு பாகை அளவு கூடிப் பல வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும். முருகை வெளுத்துப் பட்டினியால் இறக்கும். சோளகம் தொடங்குமுன் ஏப்ரல், மே மாதங்களில் எமது கடல் மிகச் சூடாக இருக்கும். 1998இல் அக்காலத்தில்தான் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் முருகைகள் பெருமளவில் வெளுத்தன. 2016இலும் வெளுப்பு ஏற்பட்டது.

திருகோணமலைக் கோணேசர் மலையடியில், போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோயிலின் தூண்களும் கற்களும் கடலுக்குள் கிடக்கின்றன. 1956இல் இலங்கைக்கு வந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சிலிண்டருடன் இறங்கி அவற்றைக் கண்டு வெளியுலகுக்கு அறிவித்தனர். மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அன்று அதில் 300க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அது ஒரு போர்க் கல்லறை.

பெரிய உயிர்களும் இந்தப் பருவங்களை அறியும். நீலத் திமிங்கிலங்களைத் தெற்கே மிரிஸ்ஸவுக்கு அப்பால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை காணலாம். பின்னர் திருகோணமலைப் பக்கத்தில் காணலாம். அவை உணவைப் பின்தொடர்ந்து போகின்றன.

மன்னாரின் பழைய பாடம்

எமது கடலில் சுழியோடுதல் வெளிநாட்டார் கொண்டுவந்த கலை அல்ல. மன்னார்க் குடாவில் முத்துச்சிப்பிப் பார்களில் பல நூற்றாண்டுகளாகச் சுழியோடினார்கள். முத்துக்குளிப்பைச் சலாபம் என்பர். சிலாபத்துறை என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது. வாடை ஓய்ந்து சோளகம் தொடங்காத மாசி, பங்குனி, சித்திரைதான் அதற்குரிய காலம். சுழியோடி ஒரு கல்லில் காலை வைத்து, மூச்சை அடக்கி இறங்கி, ஒரு நிமிடம் அளவில் சிப்பிகளைக் கூடையில் அள்ளி, கயிற்றை அசைத்து மேலே வருவான்.

எல்லா ஆண்டும் குளிப்பு நடப்பதில்லை. முதலில் பாரைச் சோதித்து, சிப்பி முற்றியிருந்தால் மட்டுமே அரசு அனுமதி கொடுக்கும். 1891க்குப் பின் 1903 வரை குளிப்பே நடக்கவில்லை. 1903 முதல் 1907 வரை ஒவ்வோர் ஆண்டும் நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அவ்வளவு செல்வத்தைக் கண்டு 1906இல் ஒரு கம்பனி 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. ஆனால் 1907க்குப் பின் பார்கள் வெறுமையாகிவிட்டன. சில ஆண்டுகளில் கம்பனி கலைந்தது. 1925இல் நடந்ததே கடைசிக் குளிப்பு. சிப்பி பெருகுவதும் அழிவதும் இயற்கையின் பல காரணங்களால் ஆவது உண்மை. ஆயினும் ஐந்தாண்டு இடைவிடாமல் அள்ளியவர்கள் ஆறாம் ஆண்டுக்கு வித்து வைக்கவில்லை என்பதும் உண்மை.

சிலிண்டர் வந்த பின்

1943இல் பிரான்சில் கூஸ்தோ, கன்யான் என்ற இருவர், அமுக்கி அடைத்த காற்றை வேண்டிய அளவு மட்டும் வாய்க்கு விடும் கருவியைச் செய்தார்கள். அதன்பின் மனிதனால் ஒரு நிமிடத்துக்குப் பதிலாகப் பல பத்து நிமிடம் கடலடியில் நிற்க முடிந்தது. ஆனால் இந்த வசதி ஒரு புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. முத்துக் குளித்தவனுக்கு அது பெரிதாக இருக்கவில்லை. அவன் மேலே இழுத்த ஒரே மூச்சுடன் இறங்கி அதே மூச்சுடன் ஏறினான். சிலிண்டர்காரன் ஆழத்திலேயே காற்றைச் சுவாசிக்கிறான். வேறுபாடு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

கடல் மட்டத்தில் எம்மைச் சுற்றியுள்ள வளி எம்மேல் ஒரு மடங்கு அமுக்கத்துடன் அழுத்துகிறது. நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் இன்னொரு மடங்கு சேரும். 10 மீற்றரில் இரண்டு மடங்கு, 20 மீற்றரில் மூன்று, 30 மீற்றரில் நான்கு. மேலே நிமிடத்துக்கு 20 லீற்றர் காற்று இழுப்பவன் 30 மீற்றரில் 80 லீற்றர் அளவு காற்றைச் செலவழிக்கிறான். 12 லீற்றர் சிலிண்டரில் 200 மடங்கு அமுக்கத்தில் அடைத்தால் 2,400 லீற்றர் காற்று இருக்கும். மேலே 120 நிமிடத்துக்குப் போதுமான அக்காற்று 30 மீற்றரில் 30 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அமுக்கம் கூடும்போது அது இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக் கூடக் கரையும் அளவும் கூடும். மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். வேகமாக ஏறினால் என்ன நடக்கும்? சோடாப் போத்தலை மெதுவாகத் திறந்தால் காற்று சீறாமல் போகும். சடுதியாகத் திறந்தால் நுரைத்துப் பொங்கும். அதேபோல உடலுக்குள் குமிழிகள் உண்டாகின்றன. அவை மூட்டில் தங்கினால் தாங்க முடியாத நோவு. முள்ளந்தண்டில் தங்கினால் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, சலம் போகாமல், கால் நடவாமல் போகும். மூளையிலும் நுரையீரலிலும் தங்கினால் உயிருக்கே ஆபத்து.

பொழுதுபோக்குச் சுழியோடிகளின் அட்டவணைப்படி அன்றைய முதல் இறக்கத்தில் 18 மீற்றரில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவும், 30 மீற்றரில் ஏறத்தாழ 20 நிமிடமும் மட்டுமே நிற்கலாம். மேலே செய்த கணக்குடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 30 மீற்றரில் சிலிண்டரில் இன்னும் காற்று மிச்சம் இருக்கும்போதே உடலுக்குரிய நேரம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருடன் இறங்கும்போது முதல் இறக்கத்தின் நைதரசன் உடலில் மீதியாக இருப்பதால் நேரம் இன்னும் குறையும். கூலிச் சுழியோடி அட்டைக் கணக்கில் பணம் பெறுகிறான். அவனை இன்னொரு முறை இறங்கச் சொல்லுவது அவனுடைய கடன். உடலின் கணக்கை அவனுக்குச் சொல்லுவார் இல்லை.

வன்னியில் வயல் செய்த ஒரு குடும்பத்தார் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்துத் தங்கி, வைத்தியசாலையில் இருந்த மகனைப் பார்த்து வந்தார்கள். இருபத்து மூன்று வயது. ஒரே நாளில் ஐந்து சிலிண்டர் இறங்கியிருக்கிறான். படகிலேயே கால் விறைத்திருக்கிறது. ‘கொஞ்ச நேரம் படு, சரியாயிடும்’ என்று படகில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள்தான் வைத்தியரிடம் காட்டினார்கள். கடலில் இறங்கியதை அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ‘வயலில் பாம்பு கிடக்கும் எண்டு அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான் ஃபாதர். கடலுக்கை என்ன கிடக்கு எண்டு எனக்கே தெரியாது’ என்றார் தகப்பன். அந்த மகன் இன்று ஊன்றுகோலுடன் நடக்கிறான். இந்தத் தகப்பனைப் போன்றவர்களுக்காகவே கீழ்வருவனவற்றை எழுதுகிறேன்.

பிள்ளை சுழியோடப் போவதாயின்

1. முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதய நோய், காதில் சீழ் உள்ளவர்கள் சிலிண்டருடன் இறங்கலாகாது. தடிமன் பிடித்திருக்கும் நாளிலும் இறங்கவேண்டாம்.

2. பயிற்சி இல்லாமல் இறங்கவேண்டாம். ஆரம்பப் பயிற்சி பெற்றவருக்கு 18 மீற்றரே எல்லை. தனியே இறங்காமல் எப்போதும் சோடியாக இறங்கவேண்டும்.

3. ஏறும்போது ஒருபோதும் மூச்சை அடக்கக்கூடாது. 10 மீற்றரில் இழுத்த காற்று மேலே வரும்போது இரு மடங்காக விரியும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

4. நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் மெதுவாக ஏறவேண்டும். கடைசியாக 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரிக்கவேண்டும். இதற்குரிய காற்றை மிச்சம் பிடித்துக்கொண்டே மேலே புறப்படவேண்டும்.

5. ஆழமான இறக்கம் முதலில், ஆழங்குறைந்தது பின்னர். இடையில் நீண்ட ஓய்வு வேண்டும். எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம் என்று படகில் ஒருவர் எழுதிவைக்கவேண்டும்.

6. சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் இயந்திரம் காற்றை இழுக்கும் குழாய், அதன் புகைக்குழாய்க்கு எட்டத்தில், காற்று வரும் பக்கமாக இருக்கவேண்டும். புகை கலந்த காற்று ஆழத்தில் ஆளை மயக்கிக் கொல்லும்.

7. இறங்கிய நாளில் விமானத்தில் போகக்கூடாது. 24 மணித்தியாலம் பொறுப்பது நல்லது. நுவரெலியா போன்ற உயர்ந்த இடத்துக்குப் பஸ் ஏறுவதும் அதே ஆபத்துத்தான்.

8. ஏறியபின் மூட்டு நோவு, விறைப்பு, தலைச்சுற்று, கால் தளர்வு, சலம் போகாமை ஏதும் கண்டால் காத்திருக்கவேண்டாம். நோயாளியை மட்டமாகப் படுக்கவைத்து, கிடைத்தால் ஒட்சிசன் கொடுத்து, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். திரும்பவும் கடலில் இறக்கி நோவைப் போக்க முயலவேண்டாம். ‘சிலிண்டருடன் சுழியோடியவர்’ என்று வைத்தியரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இதற்குரிய மருந்து அமுக்க அறையில் வைத்துச் செய்யும் சிகிச்சையே. திருகோணமலையில் கடற்படையினரிடம் அத்தகைய அறை உண்டு.

கடலின் மண்புழு

கடலட்டையை எம்மவர் உண்பதில்லை. அவித்து உலர்த்திச் சீனா, ஹொங்கொங், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். அது பார்வைக்கு அருவருப்பாக இருந்தாலும் வயலில் மண்புழு செய்யும் வேலையைக் கடலில் செய்கிறது. மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகிய சத்தை உண்டு, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. மண்புழு அற்ற நிலம் இறுகுவதுபோல் அட்டை அற்ற கடற்தரையும் பழுதாகிறது.

அட்டை ஓடி ஒளிக்க மாட்டாது. முட்டையையும் விந்தையும் நீரில் விட்டே இனம் பெருக்குகிறது. ஆகவே அட்டைகள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கவேண்டும். அள்ளி அள்ளி ஒன்று இங்கும் ஒன்று அங்குமாக மிஞ்சினால், மிஞ்சியவை உயிரோடு இருந்தும் பெருக மாட்டா. முன்பு சோளகம் மேற்குக் கடலை மூடியது. வாடை கிழக்குக் கடலை மூடியது. காற்று வந்து வேலி அடைத்ததால் கடலுக்குத் தரிசுக் காலம் கிடைத்தது. அந்த வேலி இன்னும் நிற்கிறது. ஆனால் இன்று வடமேற்கில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை அட்டை எடுத்தவர்கள், கடல் மூடியதும் படகையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கில் எடுக்கிறார்கள். ஆண்டில் ஆறு மாதம் ஓய்ந்த உடலுக்கும் இப்போது ஓய்வில்லை. ஒவ்வொரு கரையும் திறந்திருக்கும் ஆறு மாதத்தில் முன்னைய காலத்தின் பல ஆண்டு அறுவடையைக் கொடுக்கவேண்டியிருக்கிறது. சிலிண்டர், காற்று எட்டாத ஆழத்தையும் எட்டுகிறது. விதைநெல்லையும் குற்றிச் சமைப்பவன் அடுத்த போகத்துக்கு எங்கே போவான்?

சுழியோடிச் சங்கும் அட்டையும் எடுக்கக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அது யாருடைய பெயரில் இருக்கிறது, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை முற்பணம் வாங்குமுன் கேளுங்கள். கடலோடு பிறந்த மீனவக் குடும்பங்களும் இதே கடலை நம்பியே வாழ்கின்றன என்பதையும் மறக்கவேண்டாம்.

கரையில் செய்வது கடலில் தெரியும்

2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பிடித்தது. அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. நைத்திரிக்கமிலமும் பெருந்தொகையான பிளாஸ்ரிக் மணிகளும் அவற்றில் அடங்கும். சோளகம் தொடங்கியிருந்த காலம் ஆகையால் காற்றும் அலையும் அந்த மணிகளை மேற்குக் கரை முழுவதும் கொண்டுவந்து குவித்தன. ஆமைகளும் ஓங்கில்களும் இறந்து ஒதுங்கின. மீனவரின் தொழில் நின்றது. சூழலியலாளரும் மீனவரும் கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் வழக்குத் தொடுத்தனர். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் கம்பனி 100 கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது.

பெரிய கப்பலின் குற்றம் எல்லோருக்கும் தெரிகிறது. வயலில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவும் கிருமிநாசினியும் வாய்க்கால் வழியே களப்புக்கும், களப்பிலிருந்து முருகைக்கும் போவது எவருக்கும் தெரிவதில்லை. கடலிலே கூலிக்கு இறங்கும் மகனும் வயலிலே மருந்தடிக்கும் தகப்பனும் ஒரே நீரைத்தான் தொடுகிறார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற திருமடலில், நிலத்தையும் காட்டையும் போலவே கடலின் முருகைத் திட்டுகளையும் குறித்துக் கவலை தெரிவித்தார்.

கடலை நம்பிப் பிழைக்க வந்த எமது பிள்ளைகளைத் தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. சுழியோடிப் பயிற்சியை முறையாகப் பெற்று, நவம்பர் முதல் மேற்கிலும் மே முதல் கிழக்கிலும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாக வேலை செய்யவும் வழி உண்டு. உயிருள்ள முருகையும் ஆமையும் இருக்கும் வரைக்கும் அந்த வேலையும் இருக்கும். காணி கிடைக்கும் வரையில் கடலில் கூலி செய்பவனும் தன் உடலோடு திரும்பி வரவேண்டும். காணி கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்க அவனுக்குக் கைகாலும் வேண்டுமல்லவா?

குழுவாகக் கலந்துரையாட

எமது கிராமத்திலிருந்து எத்தனை பேர் சுழியோடப் போகிறார்கள்? அவர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்றவர்கள்?

விபத்து நேர்ந்தால் அழைக்கவேண்டிய இடமும் போகவேண்டிய வைத்தியசாலையும் எவை? படகில் உள்ளவர்களுக்கு அவை தெரியுமா?

முற்பணம் வாங்காமல் இறங்குவதற்கு எமது சங்கம், சேமிப்புக் குழு என்ன செய்யலாம்?

எமது வயல்களின் கழிவுநீர் எந்தக் களப்புக்கு, எந்தக் கடலுக்குப் போகிறது?